1780 என்று போட்ட வெள்ளிக் காசு: அசலா, மறு அச்சா, போலியா?

காயல்_கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் காயல்பட்டினம். வாப்பாவின் உம்மா இரண்டு மாதத்துக்கு முன்னால் மௌத்தானார்கள். போன வாரம் அவர்களுடைய தேக்குப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் ஒரு பித்தளைச் செப்பு, அதற்குள் துணியில் முடிந்து ஒரு பெரிய வெள்ளிக் காசு. உள்ளங்கையில் வைத்தால் நன்றாகவே கனக்கிறது.

ஒரு பக்கம் முக்காடு போட்ட, கொஞ்சம் பருத்த வெள்ளைக்கார அம்மா. தோளில் ஒரு பதக்கம். உருவத்துக்குக் கீழே எஸ்.எஃப். என்று இரண்டு எழுத்து. மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, மார்பில் கேடயம். 1780 என்று வருஷம், அதை ஒட்டிப் பெருக்கல் குறி போல ஒன்று. காசின் உச்சியில் எதையோ பற்ற வைத்துப் பிறகு எடுத்த மாதிரி ஒரு தழும்பு.

பாட்டனார் ஏமன் நாட்டு ஏடனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். 1939இல் போனவர் 1950இல்தான் திரும்பினார் என்று வாப்பா சொல்கிறார். காசு அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. மாமா, “1780 என்றால் திப்பு சுல்தான் காலம், மூன்று லட்சத்துக்குக் குறைந்து கொடுக்காதே” என்கிறார். திருநெல்வேலியில் ஒரு நகைக்கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, “வெள்ளிதான், ஆனால் மட்டம். காசும் பழசு இல்லை, டூப்ளிகேட்” என்று சொல்லி, அன்றைய வெள்ளி விலையில் பாதிக்குக் கேட்டார். வெள்ளி என்றால் அது எப்படி டூப்ளிகேட்? டூப்ளிகேட் அடிக்கிறவன் ஏன் வெள்ளியில் அடிக்க வேண்டும்? இதுதான் எனக்குப் புரியவில்லை. வீட்டிலேயே சோதிக்க ஏதாவது வழி உண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி ஆர்வத்தில் ஒரு பக்கத்தைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டாள். அந்தப் பக்கம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

நெல்லை_லக்கி:

பாய், அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். 1780 காசு பத்து லட்சம் வரைக்கும் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1616, கிழக்கிந்தியக் கம்பெனி காசு, ஒரு பக்கம் அனுமார். சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். டெஸ்டிங் செலவுக்கு மட்டும் முன்பணம் இருபதாயிரம் கேட்கிறார். அமைந்தால் உங்கள் காசையும் சேர்த்தே காட்டிவிடலாம்.

வாகையடி_முக்கு:

தம்பி, முதலில் அந்தப் பல்பொடி டப்பாவைத் தங்கச்சி கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

நான் திருநெல்வேலி டவுணில் இருப்பவன். முப்பத்தோரு வருஷம் வங்கிகளுக்கு நகை மதிப்பீடு செய்தேன். அதற்கு முன்னால் அப்பாவோடு பட்டறையில் ஊதுகுழல் பிடித்தவன். பழைய காசு சேர்ப்பது என் சொந்த வியாதி. வீட்டில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

உங்கள் மாமா சொன்னதும் பாதி சரி, கடைக்காரர் சொன்னதும் பாதி சரி. மிச்சப் பாதியில்தான் பணம் போகிறது.

அந்த அம்மா மரியா தெரசா, ஆஸ்திரியாவை ஆண்ட அரசி. 1780 நவம்பர் 29 அன்று இறந்துபோனார். அவர் முகம் போட்ட தாலர் என்கிற பெரிய வெள்ளிக் காசுக்குச் செங்கடல் பக்கம் அப்போதே நல்ல பெயர். ஏமன் காப்பிக்கொட்டை வாங்கப் போனவர்கள் இந்தக் காசைத்தான் கொடுத்தார்கள். அரபு வியாபாரிக்கும் அபிசீனியாக்காரனுக்கும் அந்த முகமும், முக்காடும், பதக்கமும் பழகிவிட்டன. வேறு ராஜா படம் போட்டு நீட்டினால் வாங்க மாட்டேன் என்றார்கள். சரி, நீ கேட்கிறதையே தருகிறோம் என்று, அம்மா போன பிறகும் அதே முகம், அதே 1780 போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கும் வியன்னா அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் ஆலை, அடிக்கிறது. நீங்கள் போய் வாங்கினால் நேற்று அடித்த காசிலும் 1780தான் இருக்கும்.

வியன்னா மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 1935இல் முசோலினி அபிசீனியா, அதாவது இன்றைய எத்தியோப்பியா, மேல் படையெடுக்கப் போனபோது, அங்கே செல்லுபடியாவது இந்தக் காசுதான் என்று ஆஸ்திரியாவிடம் அச்சை வாங்கி ரோமில் அடிக்க ஆரம்பித்தார். பார்த்தான் வெள்ளைக்காரன், செங்கடல் வியாபாரம் முழுக்க இத்தாலி கைக்குப் போகிறதே என்று லண்டனில் அடித்தான். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பர்மிங்காம் என்று பட்டியல் நீளும். யுத்தம் நடந்த 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாய் அக்கசாலையிலும் இதை அடித்தார்கள். உங்கள் பாட்டனார் ஏடனில் கணக்கு எழுதிய காலம் அது. பம்பாயில் அடித்த காசு ஏடனுக்குக் கப்பலேறி, பாட்டனார் மடியில் திரும்பிக் காயல்பட்டினத்துக்கு வந்திருக்கலாம். வந்தது என்று சொல்லவில்லை, வந்திருக்கலாம் என்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டூப்ளிகேட் என்ற சொல்லே இங்கே குழப்புகிறது. 1780இல், அம்மா உயிரோடு இருக்கும்போது அடித்தது அசல். பிறகு ஓர் அரசு அக்கசாலை, சரியான எடையில், சரியான வெள்ளியில், அதே உருவத்தில் அடித்தது மறு அச்சு. எவனோ கொட்டகையில் ஈயத்தையும் தகரத்தையும் உருக்கி ஊற்றியது போலி. ஆச்சி காலத்து அச்சுமுறுக்கு அச்சை வைத்துப் பேத்தி இன்றைக்குச் சுட்டால் அது இன்றைய முறுக்குதான், ஆனால் போலி முறுக்கு என்று யாரும் சொல்வதில்லையே.

சோதனைக்கு வருவோம். எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் விளிம்பைப் பாருங்கள். ரூபாயில் இருப்பதுபோல வரிவரியாக இருக்காது. எழுத்தும் பூவேலையும் மேலெழும்பி இருக்கும். யுஸ்டிசியா எத் கிளெமென்சியா என்று லத்தீனில், நீதியும் கருணையும் என்று அர்த்தம். ஊற்றிச் செய்த போலியில் இந்த எழுத்து சோப்புக் கட்டியில் தேய்ந்த பெயர்போல வழவழத்துப் போயிருக்கும். சில சமயம் விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு மெல்லிய தையல் ஓடும். இரண்டு அரை அச்சு சேர்ந்த இடம் அது. தையல் இருந்தால் அதோடு முடிந்தது, வேறெதுவும் பார்க்க வேண்டாம்.

அப்புறம் தோள் பதக்கம். அதைச் சுற்றி முத்து எத்தனை என்று லென்ஸ் வைத்து எண்ணுங்கள். ஒன்பது இருக்க வேண்டும். அரபு நாட்டுக் கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் விரல் நகத்தால் தடவி எண்ணியது இதைத்தான். உங்கள் காசு தேய்ந்திருந்தால் இரண்டு மூன்று ஒட்டிப்போய்த் தெரியும், பரவாயில்லை.

எடை 28.07 கிராம், குறுக்களவு 39.5 மில்லிமீட்டர், ஒன்றிரண்டு இழை அப்படி இப்படி இருக்கும். ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு. உங்கள் கடைக்காரர் கல்லில் உரசியதும் மட்டம் என்று சொன்னது இதனால்தான். கட்டி வெள்ளி வாங்கிப் பழகிய கண்ணுக்கு 833 மட்டமாகத்தான் தெரியும். அதில் அவர் பொய் சொல்லவில்லை. பாதி விலைக்குக் கேட்டது வேறு விஷயம்.

கடைசியில் தண்ணீர்ச் சோதனை. இதற்கு ஆசிட் வேண்டாம், உரைகல் வேண்டாம், காசில் ஒரு கீறல் விழாது. தெரிந்த நகைக்கடையில் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கும். காசின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். தையல் நூலில் காசைக் கட்டி, முழுக்க முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் தொடாதபடி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஒரு உலுக்கு உலுக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் 10.2ஐ ஒட்டி வர வேண்டும். வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் என்றால் ஒன்பதுக்குக் கீழே நின்றுவிடும். 11க்கு மேல் போனால் உள்ளே ஈயம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

லக்கி அண்ணனுக்குத் தனியாக வருகிறேன். அதுவரைக்கும் அந்த இருபதாயிரத்தைக் கையை விட்டு இறக்காதீர்கள்.

காயல்_கரை:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. நேற்று மாலை தெரிந்த தட்டார் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். முதல் தடவை டம்ளர் அடியில் காசு தட்டித் தராசு என்னென்னவோ காட்டியது. இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது.

எடை 27.71. தண்ணீரில் 2.72. வகுத்தால் 10.19 வருகிறது. தையல் இல்லை. விளிம்பில் எழுத்து இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் பற்று வைத்த சூட்டில் மழுங்கிப் போயிருக்கிறது. முத்து எண்ணினோம். நான் எண்ணினால் எட்டு, தட்டார் எண்ணினால் ஒன்பது. கடைசியில் தங்கச்சி போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி ஒன்பது என்று தீர்ப்புச் சொன்னாள். பல்பொடிப் பாவத்துக்கு அது பரிகாரமாம்.

அப்படியானால் இது அசலா, மறு அச்சா? என்ன விலை சொல்லலாம்?

வாகையடி_முக்கு:

10.19 என்றால் உலோகம் சரி. எடை குறைந்த மூன்றரைப் பத்து மில்லிகிராம், மன்னிக்கவும், 0.36 கிராம், கழுத்தில் கிடந்து தேய்ந்தது, கொஞ்சம் பற்றெடுக்கும்போது அரத்தில் போனது. கை தராசை விட்டுப் போய் ஐந்து வருஷமாகிறது, கணக்கு தடுமாறுகிறது. போலி இல்லை என்று நிம்மதியாக இருங்கள்.

1780லேயே அடித்த அசலா என்றால், இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அசல் அடித்தது தெற்கு ஜெர்மனியில் குன்ஸ்பர்க் என்கிற ஊர் அக்கசாலையில். நீங்கள் பார்த்த எஸ்.எஃப். என்பது அங்கே வேலை பார்த்த ஷோப்ல், ஃபாபி என்ற இரண்டு அதிகாரிகளின் முதலெழுத்து. அவர்கள் பெயரையும் விடாமல் இருநூற்று நாற்பது வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள். ஆக அந்த எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த அக்கசாலை, எந்தக் காலம் என்று பிரிப்பது கழுகின் வால் இறகு அமைப்பையும், எழுத்து வடிவத்தையும், புள்ளி நிற்கும் இடத்தையும் வைத்துத்தான். அதற்கென்றே பட்டியல் வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. போன் படத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

விலைக்கு ஒரு தரை உண்டு. புதுக் காசில் சுத்த வெள்ளி 23.39 கிராம். உங்களுடையதில் தேய்மானம் போக 23 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே எவர் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம். அதற்கு மேலே, தழும்பு இல்லாத காசாக இருந்தால் சேகரிப்பாளர் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார். உலகத்தில் கோடிக்கணக்கில் அடித்த காசு, ஆகையால் கொஞ்சம்தான். உங்களுடையதில் பற்றுத் தழும்பும் இருக்கிறது, பல்பொடியும் இருக்கிறது. லட்சக் கணக்கை மாமா மறந்துவிட வேண்டியதுதான்.

பல்பொடியை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழைய காசின் மேல் படிகிற கருமை அழுக்கு இல்லை. தேய்த்தால் அதோடு உலோகத்தின் மேல்தோலும் போய், லென்ஸில் பார்த்தால் முடி முடியாகக் கீறல் தெரியும். ஒரு தடவை போனால் திரும்ப வராது. உங்கள் காசில் போனது சில நூறு ரூபாய். இதுவே அரிய காசாக இருந்தால் தங்கச்சியோடு நீங்கள் பேச்சுவார்த்தை வைத்திருக்க மாட்டீர்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1938 ஊரெல்லாம் கிடைக்கும், 1939 கிடைக்காது. பழைய வெள்ளித் தரத்தில் வந்த கடைசி ரூபாய் அது, 1940இலிருந்து வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒருவர் என்னிடம் 1939 காட்டினார். எடை பார்த்தேன், சரி. வெள்ளி பார்த்தேன், சரி. விளிம்பு வரி பார்த்தேன், சரி. இரண்டு மாத வருமானத்தைக் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் வரும்போதே மூன்று தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். கோவில்பட்டி தாண்டி, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்தபோது, ஒன்பதைச் சுற்றி மட்டும் காசின் தரை, அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடம், மினுங்குவது தெரிந்தது. எட்டின் கீழ்ச் சுழியில் இடது பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தான். காசு நூற்றுக்கு நூறு அசல். வருஷம் மட்டும் போலி. எல்லாச் சோதனையும் செய்த நான் அந்த ஒரு இலக்கத்தை லென்ஸில் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

பாளை_டீச்சர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணாச்சி. மாமியார் காசுமாலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் லட்சுமி போட்ட நம்மூர்க் காசு. நடுவில் ஐந்து மட்டும் குதிரைமேல் ஒருவர் பாம்பைக் குத்துகிற பவுன், ஐந்திலும் 1925. வருஷம் ஒன்றாகவே இருக்கிறதே, மறு அச்சாக இருக்குமோ? இன்னொரு காசு மெல்லிசாக, சின்னதாக இருக்கிறது. இரண்டு ஆட்கள் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் முழங்கால் போட்டிருக்கிறார். எழுத்து எந்த மொழி என்றே தெரியவில்லை. மாமியார் அதைப் பனையேறிக் காசு என்கிறார்கள்.

வாகையடி_முக்கு:

டீச்சர், நீங்கள்தான் இந்தத் திரியிலேயே பெரிய ஆள். அந்த மெல்லிசுக் காசை யாரிடமும் கொடுத்து உருக்கிவிடாதீர்கள்.

முதலில் பவுன். பாம்பு இல்லை, டிராகன். குதிரையில் இருப்பவர் செயின்ட் ஜார்ஜ். நாம் எட்டு கிராமைப் பவுன் என்பதே இந்தக் காசிலிருந்து வந்ததுதான்: 7.98 கிராம், 22 காரட். 1925 என்ற வருஷத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1925இல் லண்டனில் 35 லட்சம் காசு அடித்தார்கள். பிறகு 1949, 1951, 1952 ஆண்டுகளில், ஐந்தாம் ஜார்ஜ் செத்துப் பதின்மூன்று வருஷத்துக்கும் அப்பால், அவர் முகத்தையும் 1925ஐயும் போட்டே இன்னும் ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடித்தார்கள். அடித்தது அதே ராயல் மின்ட், அதே எடை, அதே தங்கம். எது எந்த வருஷத்தில் பிறந்தது என்று கையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் அவரிடம் பாடம் கற்றுக்கொள்கிறேன். விலையிலும் வித்தியாசம் கிடையாது. வளையம் பற்ற வைத்துக் காசுமாலையில் கோத்த பிறகு தங்க விலைதான்.

பார்க்க வேண்டியது வேறு ஒன்று. 1950களில் பவுன் காசுக்குத் தங்கத்தின் விலையைவிடக் கூட விலை கிடைத்ததால் இத்தாலியிலும் லெபனானிலும் தனியார் பட்டறைகளில் பவுன் அடித்துத் தள்ளினார்கள். அந்தப் போலிகளில் பலவற்றில் தங்கம் சரியாகவே இருக்கும், கேரட் மீட்டரில் வைத்தால் 22 என்றுதான் காட்டும். டிராகன் கழுத்தும் குதிரைக் கால் தசையும் மொண்ணையாக இருக்கிறதா, எழுத்தின் ஓரம் தரையில் வழிந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நட்டமில்லை, தங்கம் தங்கம்தான். ஆனால் பழைய காசு என்று கூடுதல் கேட்க முடியாது.

ஒரு கொசுறு: பவுனிலேயே நம் ஊர்ப் பவுன் ஒன்று உண்டு. 1918இல் பம்பாயில் அடித்தது. குதிரை நிற்கும் தரையில், வருஷத்துக்கு மேலே பொடியாக ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். உங்கள் பழைய நகையில் 1918 வந்தால் லென்ஸ் எடுங்கள்.

இப்போது பனையேறிக் காசு. இது வெனிஸ் நகரத்துத் தங்கக் காசு, டுகாட். முழங்காலிட்டிருப்பவர் வெனிஸின் தலைவர், நிற்பவர் செயின்ட் மார்க், கையில் கொடிக்கம்பம். கம்பத்தை ஒட்டிச் செங்குத்தாக எழுத்து இறங்கும். நம் ஊர்க்காரன் பார்த்தான், இரண்டு பேர், நடுவில் உயரமாக ஒரு மரம். பனை ஏறுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். தேரிக்காட்டில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பழைய நாணய நூல்களில் சாதிப் பெயர் சேர்த்தே இந்தக் காசைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் மாமியார் சொன்ன பெயரே நன்றாக இருக்கிறது.

1284இலிருந்து 1797 வரைக்கும் வெனிஸ் இதைக் கிட்டத்தட்ட உருமாற்றாமல் அடித்தது. மூன்றரை கிராம், ஏறக்குறைய சுத்தத் தங்கம். மிளகுக்கும் துணிக்கும் விலையாக இந்தக் கரைக்கு வந்து குவிந்தது. வந்த காசு போதாமல் நம் ஆட்கள் நகைக்காக இங்கேயே அதைப் பார்த்து அடித்தார்கள். லத்தீன் தெரியாத கை அடித்த எழுத்து குச்சியும் புள்ளியுமாக மாறியிருக்கும். செயின்ட் மார்க்குக்குப் பொம்மைக் கண் வந்திருக்கும். உங்கள் காசில் எந்த மொழி என்றே தெரியவில்லை என்றீர்களே, அதனால் இது நம்மூர்ப் பட்டறையில் பிறந்ததாக இருக்கும் என்றுதான் என் மனசு சொல்கிறது. மறுபக்கம் முட்டை வடிவ வளையத்துக்குள் ஏசு நின்று, சுற்றி நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். நட்சத்திரம் வெறும் புள்ளியாகி இருந்தால் நம் ஆள்தான்.

விலை என்று கேட்டால் வெனிஸில் அடித்ததற்குத்தான் சந்தையில் கூட. ஆனால் என்னிடம் இரண்டையும் வைத்து ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் பொம்மைக் கண்ணைத்தான் எடுப்பேன். என் அப்பாவின் அப்பா மாதிரி ஒருவர் உமிக்கரி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, புரியாத எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டிய அச்சு அது.

பாளை_டீச்சர்:

இப்போதே லென்ஸ் வைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. நட்சத்திரம் எல்லாம் புள்ளிதான். ஏசுவுக்கும் மீசை முறுக்கிய மாதிரி இருக்கிறது. மாமியாரிடம் சொன்னேன், “அதான் நான் சொன்னேனே, நம்ம ஆளுன்னு” என்கிறார்கள்.

காயல்_கரை:

அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. பம்பாயில் 1835 ரூபாயைக்கூட மறுபடி அடித்தார்கள் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் நாங்கள் வாங்கும் பழைய ரூபாய் எதையுமே நம்ப முடியாதா?

வாகையடி_முக்கு:

அடித்தார்கள். அதிலும் இரண்டு கதை. 1835 என்று நாலாம் வில்லியம் தலை போட்ட ரூபாயை 1840 வரைக்கும் அதே வருஷத்தோடு அடித்தார்கள். விக்டோரியா 1862 ரூபாயும் அப்படியே, பத்து வருஷத்துக்கு மேல் 1862தான். வருஷத்தை மாற்றாமல் சின்னச் சின்னப் புள்ளி கூட்டிக்கொண்டே போனார்கள். இதெல்லாம் புழங்கின காசு, பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, சேகரிப்பாளர்கள் கேட்டார்கள் என்று அக்கசாலையே கிட்டங்கியில் கிடந்த பழைய அச்சை எடுத்துப் பளபளவென்று அடித்துக் கொடுத்தது. வெகுகாலம் நடந்தது. அச்சும் அசல், அக்கசாலையும் அசல், பிறந்த தேதி மட்டும் பின்னால். கண்டுபிடிக்க ஒரு வழி: பழைய அச்சு எஃகு, கிடந்து துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருக்கும். அதில் அடித்தால் காசில் அது பள்ளமாக வராது, பொடிப் பொடியாக மேடாக வரும். கண்ணாடி மாதிரி மினுங்கும் தரையில், முகத்துக்குப் பக்கத்தில், வேர்க்குரு போல மேடு தெரிந்தால் பின்னாளில் அடித்தது என்று சந்தேகப்படுங்கள். அதற்கும் விலை உண்டு. அசல் விலை சொன்னால்தான் ஏமாற்று.

உங்கள் தாலரை விற்பதா வேண்டாமா என்று நீங்கள் முதலில் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தழும்பைத் தட்டாரிடம் கொடுத்து ராவிச் சமமாக்கிவிடாதீர்கள்.

காயல்_கரை:

இல்லை அண்ணாச்சி. நேற்று ராத்திரி உம்மாவிடம் கேட்டேன். கல்யாணமான புதிதில் வாப்பாவின் உம்மா அதைக் கழுத்தில் போட்டிருந்தார்களாம், கறுப்புக் கயிற்றில். வாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அதைக் கடித்துக் கடித்துப் பல் முளைத்ததாம். மாமா இப்போது விலை பேசுவதில்லை.

நெல்லை_லக்கி:

அண்ணாச்சி, எனக்குத் தனியாகச் சொல்கிறேன் என்றீர்கள். அந்த 1616?

வாகையடி_முக்கு:

மறக்கவில்லை லக்கி. 1616இல் கம்பெனிக்காரன் சூரத்தில் ஒரு கிட்டங்கி வைத்துக்கொண்டு ஜஹாங்கீர் தர்பாரில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அனுமார் காசு அடிக்கிற நிலைமையில் இல்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி காசு என்று கம்பெனி அடித்ததே 1835இல்தான். 1616, 1717, 1818 என்று அனுமார், ராமர் பட்டாபிஷேகம் போட்டு வருவதெல்லாம் கோயில் வாசலில் விற்பதற்காகப் பின்னால் செய்த வில்லை. மறு அச்சு என்றுகூடச் சொல்ல முடியாது, மறுபடி அடிக்க முதலில் ஒன்று இருந்திருக்க வேண்டுமே. காசு அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் என்கிற விலை கூடிய உலோகம் இருக்கிறது என்று அந்தப் பார்ட்டி அடுத்து சொல்வார், பாருங்கள். பழைய காசை வாங்க விற்க ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது கமிஷன் கேட்டால் நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021இல் அறிவிப்புக் கொடுத்திருக்கிறது.

நெல்லை_லக்கி:

அரிசி ஏற்கெனவே சொல்லிவிட்டார் அண்ணாச்சி. ஒரு பிடி பச்சரிசி தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். என்ன செய்ய?

வாகையடி_முக்கு:

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுணுக்கு வாருங்கள், வாகையடி முக்கில் டீ வாங்கித் தருகிறேன். பச்சரிசியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.